முசாபரி பங்களாவில் ஆளில்லை

படத்தில் அவளுடைய வீடு இருந்தது. முகப்பில் ஒரு காக்கா கூட இருந்தது. அவள் இல்லை.

ஜெபர்சன் அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து விரலால் தட்டினான். பென்னலூருக்குப் பக்கத்தில், வெள்ளைக்கார அதிகாரிகள் வழியில் தங்கிப் போவதற்காகக் கட்டிய முசாபரி பங்களா அது. அதை வாங்கியிருக்கும் ஓட்டல் கம்பெனிக்கு அவன் மேனேஜர். கட்டடம் பல வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது என்று கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, ஆதாரத்துக்கு இந்தப் படத்தையும் இணைத்தாயிற்று, மாசக் கடைசிக்குள் கிளம்பிவிடுங்கள் என்றான்.

சவரியம்மாளுக்குப் பின்னால் ஷிப்ட் முடித்து வந்த பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காலியா கெடந்தா, நீ இப்போ யார்கிட்ட பேசிக்கினு கீற?"

"பேப்பர்ல நீங்க இல்லம்மா" என்றான் ஜெபர்சன். காரில் ஏறிப் போய்விட்டான்.

அவள் புருஷன் ஆபிரகாமைப் பங்களாவின் பழைய சொந்தக்காரர்கள் இங்கே காவலுக்கு வைத்தார்கள். கல்யாணமாகி அவள் வந்து இறங்கியது இந்த வாசலில்தான். அவன் செத்த பிறகு, இருங்காட்டுக்கோட்டை பாக்டரிப் பையன்களுக்கு மெஸ் நடத்தி, இங்கேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

படம் எடுத்தவன் பிரவீன். சென்னையைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள், சர்ச்சுகள், சத்திரங்களையெல்லாம் படம்பிடித்துப் புத்தகம் போடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் எதையும் அப்புறப்படுத்தச் சொல்லவில்லை. அவளேதான் செய்தாள். படம் எடுக்கிற இடத்தில் பாத்திரமும் பாயும் கிடந்தால் மரியாதையா? கொடியில் தொங்கிய யூனிபார்ம்களை உருவினாள். அடுப்பைப் பின்பக்கம் தள்ளினாள். பையன்களை விரட்டிப் பைக்குகளை எடுக்க வைத்தாள். 'அன்னை மெஸ்' போர்டைக் கூடக் கழற்றி வைத்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, கடைசியில் தன்னையும் ஒரு படம் எடுப்பான் என்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவன் கூப்பிடவில்லை.

இப்போது அதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. அவன் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போன் செய்தாள். சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு பழைய சர்ச்சில் இருப்பதாக உற்சாகமாகச் சொன்னான். படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது, சர்ச் வாசலைப் பெருக்கும் லூர்தம்மாளை அவன் படியை விட்டு நகரச் சொல்லிக்கொண்டிருந்தான். சவரியம்மாள் நேராகப் போய் அதே படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. வெயில் போயிடும்."

"போவட்டும்."

அப்புறம்தான் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் படத்தைப் பிரித்துக் காட்டி, ஜெபர்சன் சொன்னதையெல்லாம் சொன்னாள். பிரவீன் தலையைச் சொறிந்தான். கம்பெனி விளம்பரத்துக்கென்று கேட்டது, விற்றேன், அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியாது என்றான்.

"ஆளில்லன்னு நான் எழுதலியே அக்கா."

"எழுதல. எடுத்த."

பழைய கட்டடங்களின் அழகு ஆட்கள் இல்லாமல் இருந்தால்தான் தெரியும் என்று அவன் விளக்க ஆரம்பித்தான். அதுதான் அவளை உசுப்பிவிட்டது.

"ஒழுகுற கூரைக்கெல்லாம் தார் பூசுனது எம்புருசன். ஜன்னலுக்குப் பச்ச பெயிண்ட் அடிச்சது நானு. அழகு உனக்கு வோணும், அத்த வெச்சிருந்தவ வோணாமா? காக்காவுக்கு எடம் குடுத்துகீற, எனக்கு இல்லியா?"

"காக்காவ தள்ளிக்கன்னா தள்ளிக்காது, அதான்" என்றாள் லூர்தம்மாள், துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொன்னான் பிரவீன். சவரியம்மாள் அவனுடைய கேமரா பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தாள். உள்ளே லென்ஸ் இருக்கிறது, பார்த்து, பார்த்து என்று பதறியபடி அவன் பின்னால் வந்தான்.

அவனையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். பங்களாவில் இறங்கியதும், எதையும் நகர்த்தாமல் இருக்கிறபடியே எடுக்க வேண்டும், அதில் உன் பேரையும் தேதியையும் போட்டு ஜெபர்சனுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் இங்கிருந்தே அனுப்ப வேண்டும் என்றாள்.

"அந்தக் கம்பெனி எனக்கு இனிமே வேல குடுக்காது அக்கா."

"எனக்கு வூடு குடுக்காது."

அவன் வாசலைப் பார்த்தான். கொடி முழுக்க நீல யூனிபார்ம்கள். தூண்களுக்கு நடுவே பைக்குகள். தட்டுகளோடு எழுந்து வந்த பையன்கள். பிறகு கேமரா ஸ்டாண்டை ஊன்றினான்.

பையன்கள் தலையைக் கோதி, பல்லைக் காட்டி வரிசையாக நின்றார்கள். மாவு படிந்த புடவையோடு சவரியம்மாள் நடுவில் போய் நின்றாள்.

"எவனும் சிரிக்காதீங்கடா. இது கல்யாண ஆல்பம் இல்ல."

பிரவீன் பட்டனை அழுத்தினான். நிமிர்ந்து, போதுமா என்று கேட்டான்.

"இன்னும் மூணு ரூமு கீது" என்று சொல்லிவிட்டு, அவள் முன்னால் நடந்தாள்.