உச்சி வெட்டுப்படாத படங்கள்

ரஃபீக் அபுதாபியில் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். வெள்ளைக் குவிமாடங்கள் அடுக்கிய பள்ளிவாசல், சல்லடையில் சலித்ததுபோல் வெயில் சிந்தும் கூரை கொண்ட மியூசியம் என்று எது கண்ணில் பட்டாலும் படம் எடுத்து ஊரில் இருக்கும் மனைவி ஷஹனாஸுக்கு அனுப்பிவிடுவான். எதிலும் உச்சி வெட்டுப்பட்டிருக்காது. எதிலும் அவனும் இருக்கமாட்டான். வாட்ஸ்அப் வீடியோ காலும் அங்கே வேலை செய்யாது.

"உங்களை ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன்" என்றால், "இந்த மூஞ்சி நீ பாக்காததா?" என்பான்.

அதன் பலன் அவன் லீவில் வந்த அன்று தெரிந்தது. ஒன்றரை வயது மகள் சம்ரீன் அவனைக் கண்டு அலறினாள். "அத்தா எங்கடி?" என்று மாமியார் கேட்டதற்கு, போனில் இருந்த வெள்ளைக் குவிமாடத்தைத் தொட்டுக் காட்டினாள். வீடே சிரித்தது. ஷஹனாஸும் சிரித்துவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

இப்போது பிள்ளை அவன் தோளைவிட்டு இறங்குவதில்லை. இன்று ராத்திரி ஃபிளைட். இந்தத் தடவை அவன் முகம் போனில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த லீவுக்கும் அதே அலறல்தான்.

அவனோ மத்தியானம், "ஸ்ரீரங்கம் போயிட்டு வந்துரலாம்" என்றான். "அங்க ரூம்ல ஒருத்தன் அவங்க ஊர்க் கட்டடத்தைக் காட்டிக்காட்டியே உயிரை எடுக்கிறான். ராஜகோபுரத்தைக் காட்டினாத்தான் வாயை மூடுவான்."

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போனார்கள். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோபுரத்துக்கு நேராக நின்றான். கலசம் வந்தால் வாசல் வரவில்லை. வாசல் வந்தால் கலசம் வரவில்லை. பின்னாலேயே நகர்ந்து பூக்கூடையில் இடித்துக்கொண்டான்.

"தம்பி, இன்னும் பின்னாடி போனீங்கன்னா காவேரிதான்" என்றாள் பூக்காரம்மா.

ஒருவழியாகப் பதின்மூன்று நிலையும் படத்தில் அடங்கியது.

"என்னங்க, அப்படியே கோபுரத்துப் பக்கமா போய் நில்லுங்க." ஷஹனாஸ் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தன் போனை எடுத்தாள்.

"நானா? சட்டையெல்லாம் வேர்வையா இருக்கு புள்ள."

"இருக்கட்டும். நில்லுங்க."

நின்றான். அவன் பின்னால் பின்னால் போனதற்கு மாறாக, இவள் முன்னால் முன்னால் வந்தாள், அவன் முகம் திரையை நிறைக்கிறவரைக்கும்.

வாங்கிப் பார்த்தான். காதுக்குப் பின்னால் கொஞ்சம் கல் தெரிந்தது. "கோபுரமே வரலையே?"

"அது எங்கயும் போயிராது. பஸ் ஏறி வந்தா பாத்துக்குவோம்."

அவன் சம்ரீனின் வாயிலிருந்து அவள் விரலை மெல்ல எடுத்துவிட்டான். பிறகு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே நின்றான்.

"இன்னொண்ணு எடு. அதுல கண்ணு மூடியிருக்கு."