விழித்திரை சொன்ன உண்மை

சர்க்கரைப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் ஸ்வெத்தானா வெள்ளரிக்காயும் தயிருமாகவே கிடப்பாள். அளவு நன்றாக வரும். அந்தப் பரிசோதனைச் சீட்டை ரஸ்கிராத் நகரக் குடியிருப்பின் நாலு மாடிக்கும் காட்டிவிட்டுத்தான் தன் வீட்டுக் கதவைத் திறப்பாள். கணவன் மில்கோ ஒரு மடக்கு பிராந்தி குடித்தால் போதும், "என்னப் பாத்துக் கத்துக்கோய்யா!" என்று கத்துவாள்.

இம்முறை டாக்டர் போரியானா ஊசியை எடுக்கவில்லை. புதுக் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி விழித்திரையைப் படம் பிடித்தார். திரையில் ஆங்காங்கே ரத்தப் பொட்டுகள் தெரிந்தன.

"இது நேத்து இன்னிக்கு வந்ததில்லம்மா. வருஷக்கணக்கா சர்க்கரை ஏறிக் கெடந்திருக்கு. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சதால பார்வையக் காப்பாத்திடலாம், ஆனா நெஜத்தச் சொல்லணும். இனிப்பு சாப்பிடறீங்களா?"

ஸ்வெத்தானா கூட வந்திருந்த மில்கோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டு பக்லாவா பூராவும் நான்தான் திங்கறேன் டாக்டர்," என்றான் மில்கோ அவசரமாக.

"அப்ப பொட்டு உங்க கண்ணுலல்ல இருக்கணும்?"

கதவு திறந்தே இருந்தது. வெளியே மூன்றாம் மாடிக்காரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்வெத்தானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெனமும் நாலு துண்டு. இவரு வேலைக்குப் போனப்புறம்."

"நாலா?" என்றான் மில்கோ. "ரெண்டுன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.