எண்ணெய் ஏறிய உடம்பு

மரப்பொம்மையின் காதுமடலைப் பஞ்சால் துடைத்து முடித்தபோது மணி மூன்று. ஒன்பது நாள் சுரண்டல் வேலை. டுசல்டோர்ஃபில் அந்தச் சின்ன மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் வாசுதேவன் சேர்ந்தது எழுபத்திரண்டில், போன வருஷம். "உன் கை சுத்தமான கை" என்று கூடத்தின் தலைவர் டாக்டர் பிராண்ட் ஒருதடவை சொல்லிவைத்தார், அன்றிலிருந்து நம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டிலிருந்து வந்த பொம்மை, முழங்கால் உயரம். வரும்போது ஒரு விரல் கனத்துக்குக் கருப்பேறி இருந்தது. இப்போது பளபளவென்று பழுப்பு மரம்.

முதல் நாளே மூக்கில் ஏறியது அந்தப் பழைய எண்ணெய் வாடை. மயிலாப்பூரில் அவன் தெருமுனைப் பிள்ளையார் மேல் அடிக்குமே, அதே வாடை. அந்தப் பிள்ளையாரை எவனாவது சுரண்டியிருந்தால் இவனே சட்டையைப் பிடித்திருப்பான். 'சார், இது அழுக்கு இல்லை' என்று பிராண்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சாமி கும்பிடுகிற இந்தியாக்காரன் என்று அவர் சிரிப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டான், மகாராசன்.

வாசல் காவலர் ஒரு பெண்ணை உள்ளே அழைத்துவந்தார். பெயர் அமெனான், டோர்ட்மண்டில் நர்ஸ் படிப்பு, சொந்த ஊர் ஐவரி கோஸ்ட். கையில் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம். அதில் பொம்மை கன்னங்கரேலென்று நின்றது. அவளுடைய ஜெர்மன் இவனுடையதைவிட நன்றாகவே இருந்தது.

"எங்க அத்தை வைத்தியம் பாத்தவங்க. இது அவங்க கனவுல வந்தது. கனவுல கண்டபடியே செதுக்க வெச்சாங்க. குணமானவங்க எல்லாரும் வந்து ஒரு கை எண்ணெய் தடவுவாங்க. நான் வயித்துல இருந்தப்ப எங்கம்மாவும் தடவினாங்களாம். அத்தை போனப்புறம் யாரோ வித்துட்டாங்க. போன மாசம் அம்மாவும் போயிட்டாங்க, என்னால ஊருக்குப் போக முடியல. அம்மா கை பட்ட இடம் இல்லையா? ஒருதடவை தொட்டுக்கறேனே."

அவள் பார்வை மேஜைக்குப் போனது. படத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். "இதுவா?"

வாசுதேவன் கையிலிருந்த பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டான். "இல்லைங்க, இது வேற" என்றான். "நீங்க கேக்கறது பெர்லினுக்குப் போயிடுச்சு."

சொன்ன வாயை அங்கேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க" என்றாள் அவள். கதவருகே போனவள் திரும்பி ஒருதடவை பொம்மையைப் பார்த்தாள். "பாவம், இதுக்கு யாருமே எண்ணெய் வைக்கல போல."

அவள் போனதும் குப்பைக்கூடையைக் கவிழ்த்தான். சுரண்டிப் போட்டதில் புளியங்கொட்டை அளவு ஒரு கருப்புக் கட்டி அகப்பட்டது. அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினான். டிராம் நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். நடுவில் ஒரு தெருதான். அதைக் கடக்க அவனுக்குக் கால் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. டிராம் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி நாகலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். மெட்ராஸிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது அவளுக்கு.

"என்னங்க, கோயில் வாசனை அடிக்குது! இங்க கோயில் இருக்கா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

மூடியிருந்த அவன் கையைப் பிரித்தாள். உள்ளங்கைச் சூட்டில் கட்டி இளகி, ரேகையெல்லாம் கருப்பாயிருந்தது. அந்தக் கையை அப்படியே தூக்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு நின்றாள்.