கட்டைவிரல் பள்ளம்

கண்ணாடிக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. இருபத்திரண்டு வருடமாகக் கடையில் உட்கார்ந்து ஊரார் மூக்குக்கும் காதுக்கும் பிரேம் பொருத்துகிறார். அவர் மாட்டிவிட்ட கண்ணாடி உறுத்துகிறது என்று ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. "உறுத்துதா? காதுக்குப் பின்னாடி? இப்போ?" என்று ஆளை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். தொல்லை தாங்காமலேயே "சரியா இருக்குங்க" என்று எழுந்து ஓடியவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். அதுவும் சொந்த மனைவிக்கு.

அவர் மனைவிக்குச் செடிப் பண்ணையில் ஒட்டுக் கட்டும் வேலை. காட்டு ரோஜாத் தண்டின் பட்டையைக் கத்தியால் கீறி, நல்ல ரோஜாவின் மொட்டு ஒன்றை அதற்குள் செருகி, நாடா சுற்றிக் கட்டிவிட வேண்டும். பதினாறு வருடமாக அவளிடம் இருப்பது ஒரே மடக்குக் கத்திதான். மரப்பிடி, பென்சில் டப்பா மாதிரி நேராக, விளிம்பு விளிம்பாக இருக்கும். நாள் முழுக்க அதை அழுத்திப் பிடித்ததில் அவள் உள்ளங்கைகள் காய்த்துப் போயிருந்தன. எந்தக் கையில் காய்ப்பு அதிகம் என்று அவர் பார்த்தவரில்லை.

"திங்கக்கிழமை போட்டி வச்சிருக்காங்க" என்றாள் அவள், சனிக்கிழமை சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே. "பழைய மேஸ்திரி நின்னுட்டாரு. ஒரு மணி நேரத்துல யாரு சுத்தமா அதிகம் கட்டறாங்களோ அவங்கதான் இனி மேஸ்திரி. ஈரத்துல குத்துக்கால் போட்டு உக்கார வேண்டியதில்ல. நின்னுக்கிட்டே பாத்துக்கற வேலை."

"உனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்?" என்றார் அவர். உண்மைதான். பண்ணையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அவளுடன் வேலை செய்பவர்களே சொல்வார்கள். மணிக்கு ஐம்பது கட்டுவாள். அந்த முழங்காலுக்கு அந்த வேலை வேண்டும். இன்னொரு மழைக்காலத்தை அது தாங்காது என்று வைத்தியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு மதியம் அவள் அயர்ந்து தூங்கினாள். கண்ணாடிக்காரர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். கைத்தொழில் தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமா? கொஞ்சம் மாவு பிசைந்து பிடியைச் சுற்றி அப்பி, கெட்டியாகப் பிடித்துப் பார்த்தார். விரல் பதிந்த இடமெல்லாம் தெரிந்தது. ஆனால் அது அவருடைய கை. அவள் கை சின்னது. அளவுக்கு என்ன செய்வது என்று பையைத் துழாவினால் தோல் கையுறை ஒன்று கிடைத்தது. வலது கையுறை. இடதைக் காணோம். 'எங்கேயோ தொலைச்சிருக்கா, கவனமே கிடையாது' என்று செல்லமாகத் திட்டிக்கொண்டு, அந்த வலது கையுறையின் ஒவ்வொரு விரலையும் ஸ்கேல் வைத்து அளந்தார்.

அலகில் துணி சுற்றிவிட்டுப் பிடியை அரத்தால் ராவினார். நான்கு விரலுக்கு நான்கு குழிவு. பக்கவாட்டில் கட்டைவிரல் சாய்ந்துகொள்ள ஆழமாக ஒரு பள்ளம். பிறகு உப்புத்தாள், முதலில் சொரசொரப்பு, அப்புறம் நைஸ். கடைசியில் எண்ணெய் போட்டுத் துடைத்தார். மூன்று மணி நேர வேலை. வலது கையில் பிடித்தால் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

அவள் எழுந்து வந்ததும் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பிடியையே பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டி வாங்கி, விரல்களைக் குழிவுகளில் வைத்தாள்.

"கச்சிதமா இருக்குங்க" என்றாள்.

"எப்படி!" என்றார் அவர். உறுத்துதா என்று கேட்கத் தோன்றவில்லை. மனுஷனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரும் பண்ணைக்குப் போனார். அவள் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். கேட்டால்தானே. வலைக் கூரைக்குக் கீழே ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பண்ணை முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்துக் கை தட்டினார்.

அவள் பையிலிருந்து கையுறையை எடுத்து வலது கையில் மாட்டினாள். அந்தக் கையால் முள் தண்டை இறுக்கிப் பிடித்தாள். கத்தியை இடது கையில் எடுத்தாள்.

கண்ணாடிக்காரருக்கு முதலில் விளங்கவே இல்லை. அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டாள் என்று நினைத்தார். அவள் கீறினாள், செருகினாள், கட்டினாள், அடுத்த தண்டுக்குப் போனாள். இடது கையேதான். கட்டைவிரலுக்கென்று அவர் தோண்டிய பள்ளம் அவளுடைய கட்டைவிரலுக்கு எதிர்ப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. குழிவுகளுக்கு நடுவே இருந்த மேடுகள் ஒவ்வொரு கீறலுக்கும் உள்ளங்கையில் குத்தின.

"வேற கத்தி வாங்கிக்கக் கூடாதா?" என்று பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் அடிக்குரலில் கேட்டார்.

"அக்கா இடது கை, அவங்க கத்திக்கு சாணை அந்தப் பக்கம்ங்க. எங்க கத்தியெல்லாம் இந்தப் பக்கம். அது அவங்களுக்கு வெட்டாது" என்றாள் அந்தப் பெண். "ஆமா, உங்களுக்குத் தெரியாததா!"

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. வீட்டில் அவள் காய் நறுக்கினால் ஆமை வேகம்; கேலி செய்துவிட்டுக் கத்தியை அவரே பிடுங்கிக்கொள்வார். இத்தனை வருடமும் அந்தக் கத்தி அவளுடைய வலது கையில்தான் இருந்தது. ஏன் என்று யோசித்தவருக்குச் சட்டென்று ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. கல்யாணமான மூன்றாம் நாள். வீடு நிறைய விருந்தாளிகள். புதுப்பெண் பழம் நறுக்கினாள். அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "எல்லாரும் பாக்கறாங்க, என்ன பழக்கம் இது? வலது கையால நறுக்கு" என்றார். அவள் உடனே கை மாற்றினாள். அன்று சாயங்காலமே அவர் அதை மறந்துபோனார். அவள் மறக்கவில்லை, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் கையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். அவருக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அரை மணியில் அவள் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. ஒட்டுக் கட்டும் நாடாவையே கையில் சுற்றிக்கொண்டு தொடர்ந்தாள். முதலாளியம்மா மறுபடி கை தட்டியபோது அவள் கட்டியிருந்தது முப்பத்தெட்டு. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நாற்பத்து நான்கு.

முதலாளியம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்துப் பதறிப்போனார். கத்தியை வாங்கிப் பார்த்தார். "யாரு இதை இப்படிக் குதறினது?"

"கடையில குடுத்தேம்மா. அவன் கெடுத்துட்டான்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"எந்த மடையன் அவன்? போடறவங்க காலைப் பாக்காம செருப்பு தைக்கிற கதையால்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் தன் காதிலேயே விழுந்ததும் அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று.

முதலாளியம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அவ இடது கைன்னு?"

"அவருக்கு நேரமில்லம்மா" என்று அவள் முந்திக்கொண்டாள். இரண்டாவது பொய். அதையும் அவருக்காகவே சொன்னாள். தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"கடை இல்லைங்க" என்றார் அவர். "நான்தான் ராவினேன். அவ கிட்ட கேக்கவே இல்ல."

சிரிப்பு நின்றது. "அட, புருஷனுக்கே தெரியாதா?" என்றார் முதலாளியம்மா, பாதி நம்பாமல்.

"தெரியாதுன்னு சொன்னா பொய்ங்க. ஒரு தடவை பாத்தேன். இடது கை கூடாதுன்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டு மறந்துட்டேன்."

அவள் இடது கையில் சுற்றியிருந்த நாடாவைப் பிரிப்பதை நிறுத்தினாள். முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பவாவது ஞாபகம் வந்துச்சா?" என்றாள்.