பதின்மூன்றாவது குழாய்

புதுக் கணினி வந்து மூன்று வாரமாகியும் ராலிட்சா அதன் அட்டைப்பெட்டியைப் பிரிக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் தெம்பில்லை. மண்சரிவு ஆய்வு நிலையத்தில் ஒரு காலத்தில் ஏழு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் தலைநகர் சோஃபியாவுக்குப் போனார்கள், ஒருத்தி ஜெர்மனிக்குப் போனாள், பேராசிரியர் ஓய்வு பெற்று எங்கோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மிச்சம் இயக்குநர் குன்செவ், வேன் ஓட்டும் ஜப்ரியான், அப்புறம் அவள். மலைகள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே இருந்தன.

வியாழக்கிழமை காலை பழைய கணினி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அன்றைக்குத்தான் மாத அறிக்கை போக வேண்டும். அதுவும் சாதாரண மாதமில்லை. மலை சரியும் என்று காலி செய்த ஸ்லிவாவோ கிராமத்தின் மேல்தெரு வீடுகள் முப்பத்தொன்றையும் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். கோப்பில் வைக்க ஆகக் கடைசி மண்நகர்வு வரைபடம் ஒன்று வேண்டும் என்று நகராட்சியிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

"செத்துப்போச்சா?" ஜப்ரியான் பழைய பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினார். "நம்ம வேனுக்கு இத விட நாலு வயசு அதிகம், டாக்டரம்மா. அது இன்னும் ஓடுது. நீங்கதான் இத ரொம்பப் படிக்கவிட்டுக் கெடுத்துட்டீங்க."

அவள் சிரித்துவைத்தாள். அவர் பெட்டியையும் திரையையும் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டார். திரையின் ஓரத்தில் பேராசிரியர் கையால் எழுதி ஒட்டிய சீட்டும் அதோடு போயிற்று. அதில் இருந்தது ஒரே ஒரு வரிதான். நிரலை எழுதி முடித்ததும் கம்பைலருக்குக் கொடுக்க வேண்டிய கட்டளை. மனிதர்கள் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அதற்குப் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது, கறுப்புத் திரையில் வரியைத் தட்டினால்தான் உண்டு. பதினோரு வருஷமாக ராலிட்சா அந்தச் சீட்டைப் பார்த்தே தட்டிவந்தாள். எந்த எழுத்து எதற்கு என்று அவள் கேட்டதில்லை. வேலை செய்கிற ஒன்றைக் கிளறிப் பார்க்கிற வழக்கம் அந்த நிலையத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

இன்று புதுக் கணினியைப் பிரித்து, நிரலை அதில் ஏற்றி, நினைவிலிருந்து தட்டினாள். வழக்கமாகக் கம்பைலர் வாயே திறக்காது. இன்று திரை முழுக்க எச்சரிக்கைகள் கொட்டின. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. புது இயந்திரம், புதுத் தொல்லை என்று எழுந்து கிடங்குக்குப் போய் சீட்டைப் பார்த்தாள். வரியின் கடைசியில் ஒரு சின்னக் கோடும் ஓர் எழுத்தும் விட்டுப்போயிருந்தன. திரும்பி வந்து கையேட்டில் தேடினாள். எச்சரிக்கை எதையும் காட்டாதே என்பதற்கான எழுத்து அது. பேராசிரியருக்குத் தொணதொணப்புப் பிடிக்காது. அவர் கம்பைலரின் வாயை அடைத்துவைத்தார், அவருக்குப் பின்னால் வந்தவள் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்தாள்.

அவளும் அதைச் சேர்த்துத் தட்டி, அறிக்கையை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கை அந்த எழுத்தின் மேல் போயும்விட்டது. ஆனால் எச்சரிக்கைகளில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது: பன்னிரண்டு கட்டங்களே உள்ள வரிசையில் பதின்மூன்றாவது கட்டத்தில் எழுதப் பார்க்கிறாய்.

பதின்மூன்று என்றதும் அவள் கையை எடுத்துவிட்டாள். ஸ்லிவாவோ மலையில் மண் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க முதலில் பன்னிரண்டு குழாய்கள்தான் புதைத்திருந்தார்கள். மூன்றரை வருஷம் முன்பு ஒன்றைச் சேர்த்தார்கள். குழி வெட்டியது ஜப்ரியான், வெட்டியது அவருடைய வீட்டுக் கொல்லையில், வால்நட் மரத்தடியில். நிரலைத் திருத்தியது ராலிட்சா. பன்னிரண்டு முறை படி என்றிருந்ததைப் பதின்மூன்று முறை என்று மாற்றினாள். படித்ததைப் போட்டுவைக்கும் கட்டங்களைப் பதின்மூன்றாக்க மறந்தாள். இடமில்லாத அந்த எண் பக்கத்தில் இருந்த எண்ணின் மேல் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தது, குழாய் வெயிலில் நீள்வதைச் சரிக்கட்டுவதற்கான திருத்த எண். எல்லாக் குழாயின் அளவையும் பெருக்குவது அந்த எண்ணால்தான்; அது தப்பாகி எல்லா அளவும் ஊதிப்போயிருந்தது.

கட்டங்களைப் பதின்மூன்றாக்கி மறுபடி ஓட்டினாள். வரைபடம் வந்தது. மாதம் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் ஊரைக் காலி செய்ய வேண்டும். அதைத்தான் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று வருஷமாக அந்தக் கோட்டுக்கு மேலே ஏழிலும் எட்டிலும் நின்ற வளைகோடு, இப்போது ஒன்றரைக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவள் நம்பவில்லை. ஒரு மாதத்துக் கணக்கைக் காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தாள். ஒன்றேகால் வந்தது. மலை நகரவில்லை. நகர்ந்தவர்கள் முப்பத்தொரு குடும்பத்து ஆட்கள்தான்.

குழாய் சேர்த்த அந்த வசந்த காலத்தில் நல்ல மழை. வரைபடம் ஏறியதும் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். எந்த வீட்டுச் சுவரில்தான் விரிசல் இல்லை? வரைபடம் சொன்ன பிறகு ஒவ்வொரு விரிசலும் சாட்சியாகிவிட்டது. அப்படியும் மேல்தெருவில் யாரும் கிளம்பச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஜப்ரியான்தான் அச்சடித்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நான் பார்க்காத படமா, என் கொல்லையிலேயே குழாய் இருக்கிறது, டாக்டரம்மா பொய் சொல்கிறவளில்லை என்று பேசிப் பேசி எல்லோரையும் கீழே கடற்கரை ஓய்வு விடுதிக்குக் கொண்டுவந்தார். கோடைக்கென்று கட்டிய விடுதி அது. குளிர்காலத்தில் ஜன்னல் வழியே கடலே உள்ளே வருவது போலிருக்கும். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திருட்டுத்தனமாக மேலே ஏறி வீட்டைப் பெருக்கி, திராட்சைக் கொடியை வெட்டிவிட்டு வருவார்கள். ஜப்ரியான் போகமாட்டார். அவர் வரைபடத்தை நம்பியவர். போன கோடையில், மலை தின்பதற்கு முன்னால் நாமாவது எடுத்துக்கொள்வோம் என்று தன் வீட்டைத் தன் கையாலேயே பிரித்தார். ஓடும் உத்தரமும் டோப்ரிச்சில் இருக்கும் தங்கைக்கு. கதவுகள் மச்சானுக்கு. இப்போது அங்கே நான்கு சுவர்களும் வால்நட் மரமும்தான் நிற்கின்றன.

இதை நினைத்ததும் ராலிட்சா எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

குன்செவ் கெட்டவர் இல்லை. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மூன்று வருஷம் விழும் விழும் என்று சொல்லிவிட்டு இன்றைக்கு விழாது என்று எந்த முகத்தோடு சொல்வது, சொன்ன பிறகு நிஜமாகவே விழுந்தால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் கேட்டார். அவள் களைத்துப்போயிருப்பதாகவும், களைத்தவர்கள் கணக்குப் போடக் கூடாது என்றும் சொன்னார். அது உண்மைதான். மூன்றரை வருஷம் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

"திங்கக்கிழமை போகட்டும்மா. அதுக்கப்புறம் நிதானமா உக்காந்து பாப்போம்."

"அதுக்கப்புறம் பாக்க வீடு இருக்காது, சார்."

"உங்க பேரு கெட்டுப்போயிடும். யோசிச்சீங்களா?"

"மாச அறிக்கையில கையெழுத்து என்னோடதுதான். இந்த மாசமும் நானே போடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. அவள் இரண்டு வரைபடங்களையும் இணைத்து, தவறு எங்கே நடந்தது, யாரால் நடந்தது என்று ஆறு வரி எழுதி அனுப்பினாள். நாலு மணிக்கு நகராட்சியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவருக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. இடிப்பதை நிறுத்திவைக்கிறோம், வெளியிலிருந்து ஆள் வந்து சரிபார்க்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு ஜப்ரியான் வழக்கம்போல அவளை வேனில் ஏற்றிக்கொண்டார். அவளைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு அவர் விடுதிக்குப் போவது வழக்கம். செப்டம்பர் மாதம், வழியெல்லாம் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்க மிளகாய் வாட்டுகிற மணம். விடுதியில் ஒரே நேரத்தில் பதினைந்து அடுப்பைப் போட்டு நேற்று மறுபடி மின்சாரம் போய்விட்டதாம். இருட்டில் எவன் மிளகாய் எவனுடையது என்று சண்டையாம். சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க, ஜப்ரியான் அண்ணே."

நிறுத்தினார். அவள் சொன்னாள். கட்டங்களை, குழாயை, சீட்டின் கடைசி எழுத்தை, திங்கட்கிழமை நின்றுபோனதை. பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்திருக்காது என்று நினைத்து மறுபடி ஆரம்பித்தாள். அவர் தலையை மேலே வெட்டி நாக்கைத் தட்டினார், வேண்டாம் என்று.

"அப்ப மலை எங்கயும் போகல."

"போகல."

"என் வீடு?"

மன்னிப்புக் கேட்டாள். அந்தச் சொல் அவள் காதுக்கே கேவலமாக இருந்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு தாண்டிப் போயிற்று. பிறகு, ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவளிடம் பேசாத குரலில் பேசினார்.

"முப்பது பேரும் என்னத் திட்டிக்கிட்டே பூட்டிட்டு வந்தாங்க. சாவிய இன்னைக்கும் கழுத்துல போட்டிருக்காங்க. நம்பாதவங்களுக்கெல்லாம் வீடு இருக்கு, டாக்டரம்மா."

அவர் கையை நீட்டினார்.

"புதுப் படம் அடிச்சிருக்கீங்களா?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சிவப்புக் கோடு மேலே வரும்படி சரியாகப் பிடித்து, விரலால் வளைகோட்டின் மேலேயே ஓட்டிப் பார்த்தார். வரைபடம் படிக்கத் தெரிந்தவர், மூன்று வருஷம் முன்பு அவளே கற்றுக்கொடுத்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பாமல் விடுதிப் பக்கம் வண்டியை விட்டார்.

வாசலில் பெண்கள் வாட்டிய மிளகாயை உரித்துக்கொண்டிருந்தார்கள். ராலிட்சா இறங்கப் போனாள்.

"நீங்க இருங்க," என்றார் ஜப்ரியான். "முதல் படத்தையும் நான்தானே கொண்டு போனேன்."

அவர் உள்ளே போனார். முதல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. யாரோ திறந்தார்கள். சற்று நேரத்தில் இரண்டாவது கதவைத் தட்டினார். ராலிட்சா வேனில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது வரைக்கும் எண்ணினாள்.