மாதிரித் தம்பதி

கணினித் திரையில், கோப்பையின் கைப்பிடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை வெட்டியெடுத்துக்கொண்டிருந்தபோது முதலாளி கூப்பிட்டார். அந்த இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால், பின்னாலிருந்த மேசைத்துணி அதற்குள் அழுக்கு மாதிரி தங்கிவிடும். அவளை அலுவலகத்தில் எல்லோரும் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோப்பை, தலையணை உறை, சுவர்க்கடிகாரம் என்று எல்லாவற்றையும் வெறுமையாகப் படம்பிடித்து, பின்புறத்தை நீக்கி, வாங்குகிறவர் தன் புகைப்படத்தை ஏற்றினால் அது எங்கே உட்கார வேண்டும் என்று எல்லை வரைந்து, நிழலையும் பளபளப்பையும் அதன்மேல் தனி அடுக்காக வைப்பது அவள் வேலை. இதெல்லாம் சரியாக அமைந்தால், இணையக் கடையில் படத்தை ஏற்றிய நொடியே அது கோப்பையில் அச்சாகிவிட்டது போலத் தெரியும். ஏற்றுகிற வரைக்கும் அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது. “வெறுங்கோப்பையை எவன் வாங்குவான்?” என்பார் முதலாளி. அதற்குத்தான் மாதிரிப் படம்.

அந்த மாதிரிப் படத்தில் இருந்தது கத்திரியும் அவள் கணவனும். கல்யாணமான புதிதில் கடற்கரையில் எடுத்தது. காற்றில் அவள் முடி கலைந்திருக்கும். அவன் அவள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். முதலாளி மாதிரிக்கு ஒரு ஜோடி வேண்டும் என்றபோது அவளேதான் ஓடிப்போய்க் கொடுத்தாள். பிறகு அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான், விவாகரத்தும் ஆயிற்று. கோப்பையிலும் தலையணையிலும் கடிகாரத்திலும் மட்டும் இருவரும் இன்னும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். படத்தை மாற்றிவிடலாமா என்று அவள் கேட்காத மாதமில்லை. “ராசியான படம்மா, அதுல கைவெக்காதே” என்பதே பதில். வீட்டிலும் ஆதரவில்லை. “இருந்துட்டுப் போகட்டுமேடி. பாக்கறவங்க சேந்துதான் இருக்காங்கன்னு நெனச்சுப்பாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி எனக்கும் வாய் வலிக்காது” என்றாள் அம்மா.

முதலாளியின் அறையில், கணினி நிரல் எழுதுகிற, தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டியும் நின்றுகொண்டிருந்தான்.

“உக்காரும்மா. உன் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.”

“எனக்கு வீட்டுக்காரர்னு யாரும் இல்ல சார்.”

“சரி, பழைய வீட்டுக்காரர். மறுபடி கல்யாணம் நிச்சயமாயிருக்காம். பொண்ணு வீட்ல யாரோ நம்ம தலையணையைப் பாத்துட்டாங்க. ஒரே ரகளையாம். பாவம், மனுஷன் குரலே நடுங்குது. உடனே எடுத்துடறேன்னு சொல்லிட்டேன்.”

மறுகல்யாணச் செய்தி அவளுக்குள் எங்கோ போய்க் குத்தத்தான் செய்தது. ஆனால் அதையும் மீறி ஒரு நிம்மதி வந்தது. யார் சொல்லி நடந்தால் என்ன, நடந்தால் சரி. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“நானும் இதைத்தானே சார் இத்தனை நாளா கேட்டுட்டிருக்கேன்?”

“நீ நம்ம வீட்டு ஆளும்மா. வெளியாள் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?”

“சரி. இன்னிக்கே வேற படம் போட்டுடறேன்.”

“முழுப் படத்தையும் எதுக்கு மாத்தணும்? அவர் கேட்டது அவர் முகத்தைத்தான். தம்பி ஒரு யோசனை சொல்றான், கேளு.”

சோடாபுட்டி அவளைப் பார்க்காமல் சொன்னான். “முகத்தை மட்டும் வெட்டிட்டு, ‘உங்கள் முகம் இங்கே’ன்னு போட்டுடலாம்க்கா. வாங்க வர்றவர் முதல்ல தன் முகத்தை ஏத்துவார். அப்புறம் மனைவி முகத்தை ஏத்துவார். அதை ஏத்தற வரைக்கும் நீங்க இருப்பீங்க.”

“நான் இருப்பேனா?”

“சும்மா பக்கத்துல நிப்பீங்க, அவ்வளவுதான்.”

“பாத்தியா, நீ சிரிச்சிட்டிருக்கே, அதான் முக்கியம்” என்றார் முதலாளி. “அப்படிச் சிரிக்கற ஆளுக்கு நான் எங்க போவேன்?”

இருக்கைக்குத் திரும்பினாள். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போய்? அம்மாவின் மருந்துச்சீட்டும் வீட்டு வாடகையும் கூடவே எழுந்து வராது. அவன் முடியிலிருந்து தொடங்கி, காதைச் சுற்றி, அவள் பலமுறை தொட்டிருந்த தாடை வழியாக எல்லை வரைந்தாள். அந்தத் தாடையில் ஒரு வெட்டுத்தழும்பு உண்டு. அதையும் சேர்த்து நீக்கினாள். இது நல்ல வேலையாக வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே செய்தாள். கை கேட்கவில்லை, வழக்கம்போலச் சுத்தமாகவே வந்தது.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. சோடாபுட்டி தன் முகத்தை ஏற்றினான். பொருந்தியது. கணக்கர் வந்தார். “என்னையும் ஒரு தடவை போடேன், எப்படி இருக்கேன்னு பாப்போம்.” பொட்டலம் கட்டுகிறவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “என் பொண்டாட்டி பாத்தா சோறு கிடையாது!” ஒரே சிரிப்பு. யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதனால்தான் யாரையும் திட்டவும் முடியவில்லை. திரையில் அவள் ஒவ்வொருத்தர் பக்கத்திலும் கடற்கரைக் காற்றில் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சார், என் தோள்ல இருக்கற அந்தக் கையையாவது எடுத்துடறேன்.”

“கை இருக்கட்டும்மா. கை இருந்தாத்தான் ஜோடி. கையை வெச்சு யார் கண்டுபிடிக்கப் போறா?”

புதுப் படம் இணையக் கடையில் ஏறி, எல்லோரும் தேநீருக்கு இறங்கிப்போனதும் அம்மாவின் போன் வந்தது.

“என்னடி, கடையில மாப்பிள்ளை முகத்தைக் காணோம்?”

“எடுத்தாச்சும்மா. அவருக்குக் கல்யாணமாம்.”

“அப்ப உன் பக்கத்துல இப்ப யாருடி?” என்றாள் அம்மா.

“யார் வேணும்னாலும்.”

“என்னடி பேச்சு இது? தோள்ல கை இருக்கே, அது யாரோடது?”

“அப்புறம் பேசறேம்மா.”

போனைக் கவிழ்த்து வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். முகமும் கடலும் திரைக்கு வெளியே போய், தோளும் விரல்களும் மட்டும் மிஞ்சின. சுண்டுவிரலிலிருந்து தொடங்கினாள். நகம், கணு, மோதிரம் இருந்த விரல். எல்லை முழுதாகச் சுற்றி வந்து சேர்ந்ததும் நீக்கும் பொத்தானை அழுத்தினாள்.

கை போய்விட்டது. அது இருந்த இடத்தில் அவளுடைய நீலத் துணி இல்லை, தோளும் இல்லை. எந்தப் படமும் இல்லாத இடத்தில் திரை காட்டுகிற சாம்பலும் வெள்ளையுமான சிறு கட்டங்கள், ஐந்து விரலின் வடிவத்தில், அவள் கழுத்தோரம் வரைக்கும் விரிந்து கிடந்தன.