கம்புக்குள் அடங்கும் டிராக்டர்

பெரியநாயகி அந்தக் கம்பை வெட்டியது இரண்டு மங்கீஸ் மரங்களுக்காக.

புலாவ் செபாங்குக்கு வெளியே, ரயில் பாதையைத் தாண்டி, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் மண்பாதை போய் முட்டும் இடத்தில் அவளுக்கும் கணவர் பிச்சைமுத்துவுக்கும் நாலு ஏக்கர் இருந்தது. நிலம் என்று சொன்னாலும் பார்க்கிறவர்கள் காடு என்றுதான் சொல்வார்கள். யாரோ ஒரு காலத்தில் ரப்பர் போட்டு, இடையிடையே டுரியானும் மங்கீசும் டுக்குவும் நட்டு, பிறகு கைவிட்டுப் போன இடம். ரப்பர் கிழடு தட்டிப் பால் வற்றிவிட்டது. பழமரங்கள் மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்து நின்றன. உள்ளே போகிற ஒரே பாதை இரண்டு மங்கீஸ் மரங்களுக்கு நடுவில். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சேறு, அதனால் வேறு வழி கிடையாது. மரங்களைத் தாண்டினால் நிலம் சரிந்து ஓடைவரை இறங்கும். டுரியான் எல்லாம் அந்தச் சரிவில்.

இரண்டு மரத்துக்கும் குறுக்கே கம்பை வைத்து, இரண்டு பக்கமும் ஒரு கையகலம் விட்டு, பாராங் கத்தியால் ஒரே வெட்டு. இந்த நீளத்துக்குள் அடங்குகிற டிராக்டர் கிடைத்தால் மரங்கள் நிற்கும். கிடைக்காவிட்டால் பெக்கோ வரும்.

மண் தோண்டும் அந்தப் பெக்கோ எந்திரம் அவளுடைய கொழுந்தன் வீரப்பனுடையது. காடு அழித்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். எல்லா மரத்தையும் தள்ளிவிட்டு, படிக்கட்டு வெட்டி, செம்பனை போட்டால் பிறகு கங்காணி வேலை பார்த்தால் போதும் என்று அவன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. மரத்தைப் பார்த்தால் அவனுக்கு எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும்தான் தோன்றும்.

பிச்சைமுத்துவுக்கு வலது கால் இருந்தவரை இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அவர் புல் வெட்டுவார், அவள் டுரியானைக் கூடையில் போட்டுச் சரிவு ஏறுவாள். சர்க்கரை வியாதியில் முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு இரண்டு பேர் வேலை ஒருத்தியின் தலையில் விழுந்தது. லாலான் புல் இடுப்புக்கு வந்தது. போன பருவத்தில் ஓடைப் பக்கம் விழுந்த பழத்தில் பாதியைக் குரங்கும் பன்றியும் தின்றன, மீதி அங்கேயே அழுகியது. தீபாவளிக்குள் ஒரு மெஷினைப் பார்த்து உள்ளே இறக்கு, முடியாவிட்டால் வீரப்பனிடம் கொடுத்துவிடுவோம் என்று பிச்சைமுத்து சொல்லிவிட்டார். கைக்கு வராத பழம் மரத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

முதல் டிராக்டரை அவர்தான் தேர்ந்தெடுத்தார். முப்பது வருடம் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர், அவருக்கு விட்டுக்கொடுக்காமல் முடியாது. ஜாசின் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் பட்டறையில் விற்பனைக்கு நின்றது. பின்சக்கரம் பெரியநாயகியின் தோள் உயரம். பிச்சைமுத்து ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மட்கார்டில் கையை வைத்து, மாட்டைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினார். இதன் இழுவையைப் பற்றி, முன்பு செம்பனைக் குலை ஏற்றி மழையில் மேடேறிய கதையைப் பற்றி, இன்றைய வண்டிகள் எல்லாம் பொம்மை என்பதைப் பற்றி, அவர் பேசப் பேச வீரப்பன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் கம்பைப் பின்சக்கரம் இரண்டுக்கும் குறுக்கே வைத்தாள். இரண்டு பக்கமும் சக்கரம் முழங்கை நீளத்துக்குப் பிதுங்கியது.

ஒரு மங்கீசை வெட்டினால் தாராளமாகப் போகும் என்றார் பிச்சைமுத்து. அவள் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சீட்டின் நுனிக்கு வந்தால்தான் கால் பெடலைத் தொட்டது.

“இத யாருங்க ஓட்டப் போறது?” என்று கேட்டாள்.

பிச்சைமுத்து சீட்டைப் பார்த்தார். அவர் கண் பிரேக் பெடலுக்குப் போனது. டிராக்டரில் பிரேக் வலது காலுக்கு. மட்கார்டிலிருந்து கையை எடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வண்டிக் கண்ணாடி வழியாக வெளியே செம்பனையையே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அன்றைக்குக் கேட்கவில்லை என்றால், அந்த மனுஷர் இல்லாத காலுக்கு டிராக்டர் வாங்கிக்கொண்டு வந்திருப்பார் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது செர்காமில் இருந்தது. மீன்பிடிப் படகுகளைக் கடலிலிருந்து மணலுக்கு இழுத்துப் போடுகிற சின்ன டிராக்டர். கம்புக்குள் அடங்கியது. அவள் கால் எட்டியது. ஓட்டிப் பார்த்ததில் சத்தமும் சுத்தமாக இருந்தது. அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பிச்சைமுத்துதான் தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து அடியில் போய், வீட்டுச் சாவியால் அச்சுக்குக் கீழே கீறினார். துரு, ஈரமான பிஸ்கட்டைப் போலத் துண்டு துண்டாக விழுந்தது. கடல் தின்றது போக மிச்சம் இருப்பதற்குச் சாயம் அடித்து வைத்திருக்கிறார்கள், சரிவில் அச்சு முறிந்தால் நேரே ஓடைதான் என்றார். சட்டையெல்லாம் மணலோடு எழுந்தபோது அவர் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

மூன்றாவதற்கு அலோர் காஜா சாலையில் நிவேந்திரனுடைய கடைக்குப் போனார்கள். ஜப்பானில் ஓடிய சின்ன டிராக்டர்களைக் கொண்டுவந்து பழுது பார்த்து விற்கிற பையன். பையன் என்றாலும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கியர் எல்லாம் ஜப்பான் எழுத்தில் இருந்தது. அவன் அதன் மேல் டேப் ஒட்டி, மெதுவு, வேகம், தூக்கு, இறக்கு என்று மார்க்கரால் எழுதி வைத்திருந்தான். நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் புல்வெட்டி மாட்டலாம். சீட்டுக்குப் பின்னால் தலைக்கு மேல் வரை ஒரு தடித்த இரும்பு வளைவு நின்றது. சீட்டில் பெல்ட் இருந்தது.

கம்பை வைத்தாள். சரியாக அடங்கியது. உட்கார்ந்தாள். இரண்டு காலும் முழுப் பாதமாகப் பெடலில் பதிந்தன.

பிறகு கடையின் திடலிலேயே பிச்சைமுத்து அவளுக்குப் பாடம் எடுத்தார். ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு, கிளட்சை எப்படி விடுவது, இறக்கத்தில் ஏன் கியரை மாற்றக் கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் பாதி உட்காரச் சொன்னார்.

அது தோட்டத்து டிராக்டர்காரர்களின் வழக்கம். சரிவில் ஓட்டும்போது சீட்டில் முழுக்க உட்கார மாட்டார்கள். மேட்டுப் பக்கத்துப் பிட்டம் சீட்டுக்கு வெளியே, அந்தப் பக்கத்துக் கால் படிக்கு அருகே. வண்டி சாய்ந்தால் மேட்டுப் பக்கம் குதித்துவிட வேண்டும். முழுசாக உட்கார்ந்து ஓட்டுகிறவனைக் ஆபீஸ் கிராணி வீட்டுப் பிள்ளை என்று கேலி செய்வார்கள்.

“அங்கிள், அப்படி உக்காந்தா பெல்ட்ட எப்படி லா போடுறது?” என்றான் நிவேந்திரன்.

பெல்ட் காரில் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு என்றார் பிச்சைமுத்து. நிவேந்திரன் சிரிக்கவில்லை. வண்டி புரண்டாலும் அந்த வளைவு ஆளை நசுங்க விடாது, ஆனால் ஆள் சீட்டில் இருக்க வேண்டும், அதற்குத்தான் பெல்ட். வளைவை மடக்கிவைக்கவும் முடியும், ஆனால் மடக்கினால் பெல்ட் ஆளை வண்டிக்கடியில் கட்டிப்போட்டுவிடும், அதனால் போடக் கூடாது, சரிவுப் பக்கமே போகக் கூடாது. இதை அவன் அவளைப் பார்த்து மட்டும் சொன்னான். நிலத்துக்கே கொண்டுவந்து இறக்குகிறேன், உள்ளே போனால் வைத்துக்கொள்ளுங்கள், போகாவிட்டால் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றும் சொன்னான்.

சொன்னபடி அடுத்த வாரம் லாரியில் கொண்டுவந்து இறக்கினான். வீரப்பனும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு பாதை ஓரம் நின்றான். பெரியநாயகி ஏறி உட்கார்ந்து, மெதுவு என்று எழுதியிருந்த கியரைப் போட்டாள். முன்சக்கரம் இரண்டு மரத்துக்கும் நடுவே வந்தது. இந்தப் பக்கம் ஒரு கையகலம், அந்தப் பக்கம் ஒரு கையகலம். பின்சக்கரமும் நுழைந்தது. அவள் மூச்சை விட்டாள்.

டங் என்று தலைக்குப் பின்னால் ஒரு சத்தம். டிராக்டர் நின்று உறுமியது. இரும்பு வளைவு மங்கீஸ் கிளையில் போய் முட்டியிருந்தது.

அவள் மேலே பார்த்திருக்கவே இல்லை. பதினாறு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். மரத்தைப் பார் என்றால் அவள் கண் இடுப்பு உயரத்தில் பட்டையில் போய் நிற்கும், அதற்கு மேல் போகாது. ரப்பரில் கிளை எங்கோ உயரத்தில் இருக்கும், அதோடு பால்வெட்டுக்காரிக்கு என்ன வேலை. இந்த இரண்டு மரத்துக்கு நடுவே எத்தனையோ முறை தலையில் கூடையோடு குனிந்து நடந்திருக்கிறாள். ஏன் குனிகிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வீரப்பன் வாய்விட்டுச் சிரித்தான். “என்னா அண்ணி, ஒங்க கம்பு படுத்துக்கிட்டே அளந்துச்சு. எந்திரிச்சு நிக்கவே இல்லியா?”

நிவேந்திரன் பின்னால் ஏறி, வளைவைப் பூட்டியிருந்த இரும்பு ஊசியைப் பிடுங்கி, அதை மடக்கிக் காட்டினான். இங்கே மடக்குங்கள், உள்ளே போனதும் இறங்கி நிமிர்த்துங்கள் என்றான். அவள் தானே செய்து பார்த்தாள். ஊசி இறுகியிருந்தது, வளைவு கனத்தது. முடியாத வேலை இல்லை. ஆனால் அவளுக்குத் தன்னைத் தெரியும். காலையில் செய்வாள். சாயங்காலம், மழை இருட்டிக்கொண்டு வரும்போது, இன்னும் ஒரே ஒரு நடைதானே என்று மடக்கியபடியே சரிவில் இறங்குவாள். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் செத்தார்கள். சோம்பேறித்தனத்தால் அல்ல, அலுப்பால்.

பிச்சைமுத்துவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அந்த வளைவை அறுத்து எறி என்றார். எங்கள் தோட்டத்தில் எந்த டிராக்டருக்கு இது இருந்தது, நான் ஓட்டவில்லையா. வீரப்பனிடம் இரும்பு அறுக்கும் ரம்பம் வண்டியில் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டார். இருந்தது. வீரப்பன் அதை எடுக்கப் போனான்.

பெரியநாயகி இறங்கவில்லை. எஞ்சினை மட்டும் அணைத்தாள்.

“முனியாண்டி அண்ணன் எப்படிங்க உக்காந்திருந்தாரு?”

முனியாண்டி பிச்சைமுத்துவோடு ஒரே டிவிஷனில் டிராக்டர் ஓட்டியவர். புதுக் கன்று நட்ட மேட்டில் உரம் ஏற்றிப் போய், வண்டி புரண்டு அவர் அடியில் சிக்கிய அன்றைக்குப் பெரியநாயகி அடுத்த நிரையில் மண்வெட்டியோடு நின்றாள். டிராக்டரைத் தூக்கிய பெண்களில் அவளும் ஒருத்தி.

“பாதிதான்” என்றார் பிச்சைமுத்து. “குதிச்சானே. சரியாத்தான் குதிச்சான்.”

“அவரு குதிச்சாரு. டிராக்டரும் கூடவே குதிச்சுது. நான்தானே தூக்கினேன், எனக்குத் தெரியாதா.” அவள் குரலை உயர்த்தவில்லை. “ஒங்களுக்கு அப்ப ரெண்டு காலும் இருந்துச்சு, வயசும் இருந்துச்சு. நான் குதிக்க மாட்டேங்க. முழுசா உக்காந்து, பெல்ட்டப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவேன். இரும்ப யாரும் அறுக்கக் கூடாது.”

ரம்பத்தோடு வந்த வீரப்பன், அப்படியானால் டிராக்டரைத் திருப்பி ஏற்ற வேண்டியதுதான் என்றான். ஒரு கிளைகூடப் போகக் கூடாது என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நின்றது அண்ணிதானே என்றும் கேட்டான். சொன்ன பிறகுதான் அண்ணன் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். பிச்சைமுத்து அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடை கனத்தில், பாதைக்குக் குறுக்கே நீண்ட கிளை. அந்த மரத்தில் அதிகம் காய்ப்பதே அதுதான். பெரியநாயகி இறங்கி வந்து கொஞ்ச நேரம் அதை அண்ணாந்து பார்த்தாள்.

“கெளதானே, மரம் இல்லியே” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. பாதை ஓரத்துக் கொட்டகையிலிருந்து மரம் அறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்து, டிராக்டரின் மேலேயே ஏறி நின்றாள்.

“மொதல்ல அடியில வெட்டு” என்றார் பிச்சைமுத்து. “மேல வெட்டினா பட்டை கிழிஞ்சு மரம் வரைக்கும் போயிரும்.”

ஊன்றுகோலை அடுத்த மரத்தில் சாத்திவிட்டு, ஒற்றைக் காலில் நின்று, கிளையின் பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார். வீரப்பன் ஓடிவந்து அண்ணனை இடுப்பில் பிடித்தான். வெட்டுவாயிலிருந்து மஞ்சள் பால் கசிந்தது. ரப்பர் பால் போல ஓடவில்லை, பிசினாய்ச் சொட்டு வைத்து நின்றது. அவள் அதை விரலில் எடுத்துப் பார்த்து, கைலியில் துடைத்துவிட்டு மேல்பக்கம் அறுத்தாள். கிளை சத்தமில்லாமல் இறங்கியது.

இந்த முறை வளைவு எதிலும் முட்டவில்லை. மரங்களைத் தாண்டியதும், சரிவு தொடங்குகிற இடத்தில் அவள் வண்டியை நிறுத்தினாள். கீழே லாலான் காற்றில் வெள்ளையாகப் படுத்து எழுந்தது. ஓடை தெரியவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அவளை அறியாமலே உடம்பு ஒரு பக்கமாக நகர்ந்து, பாதி பிட்டம் சீட்டுக்கு வெளியே வந்துவிட்டது. தோட்டத்தில் பார்த்துப் பார்த்து ஏறிய பழக்கம்.

பின்னாலிருந்து பிச்சைமுத்துவின் குரல் வந்தது. “நாயகி, நல்லா உள்ள தள்ளி உக்காரு.”

அவள் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். பெல்ட்டை இறுக்கினாள். புல்வெட்டியை இறக்கி, கிளட்சை மெதுவாக விட்டாள். நேரே கீழ்நோக்கி லாலான் சாய்ந்து விழத் தொடங்கியது.

மேலே வீரப்பன், பெக்கோவுக்கு வேறு இடத்தில் வேலை ஒத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பிச்சைமுத்து பாதையோரம் கிடந்த கம்பை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“ஒன் பெக்கோவ இதுல வச்சுப் பாரு. அடங்குச்சுன்னா கொண்டா.”

கீழே முதல் டுரியான் மரத்தடி வரை வழி திறந்துவிட்டது. பெரியநாயகி புல்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி மேலேறி, அடுத்த வரிசைக்கு நேராக வண்டியை நிறுத்தினாள். இந்த முறை கிளை இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்தாள்.